பாட்டும் புத்தியும்



1904ஆம் ஆண்டில் சார்லஸ் ஸ்பியர்மன் என்ற ஆங்கிலேயர் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். ராணுவத்தில் அதிகாரியாக இருந்துவிட்டு, பிறகு உளவியல் படிக்கப் போனவர் அவர். பள்ளிப் பிள்ளைகளின் தேர்ச்சியை வைத்துக்கொண்டு அவர் ஒரு கேள்விக்குக் கணக்குப் போட்டார். ஒரு பாடத்தில் முன்னால் நிற்கிற பிள்ளை மற்றப் பாடங்களிலும் முன்னால் நிற்கிறதா என்பதுதான் அந்தக் கேள்வி. பெரும்பாலும் நிற்கிறது என்று கண்டார். அப்படியானால் எல்லாப் பாடங்களுக்கும் அடியில் பொதுவான ஓர் அறிவாற்றல் இருக்க வேண்டும் என்றார். 'பொது நுண்ணறிவு' என்று இன்று உளவியல் நூல்கள் சொல்வது அங்கேதான் பிறந்தது. ஐ.க்யூ. என்று நாம் வாய்கூசாமல் சொல்லும் எண்ணுக்கும் அந்தக் கட்டுரையோடு நெருங்கிய உறவு உண்டு.

அந்தக் கட்டுரையில் புகழ்பெற்ற ஓர் அட்டவணை இருக்கிறது. அதில் வரிசையாக ஆறு இனங்கள்: செவ்வியல் மொழிகள், பிரெஞ்சு, ஆங்கிலம், கணிதம், சுருதி வேறுபாட்டைக் காதால் பிரித்தறிதல், இசை. கடைசி இரண்டையும் கவனியுங்கள். முழு ஒற்றுமை இருந்தால் 1, எந்தத் தொடர்பும் இல்லாவிட்டால் 0 என்பது அந்தக் கணக்கின் அளவு. செவ்வியல் மொழிகளில் பெற்ற தேர்ச்சிக்கும் கணிதத் தேர்ச்சிக்கும் இடையே 0.70 என்று வந்தது. அதே மொழித் தேர்ச்சிக்கும் சுருதி பிரித்தறிதலுக்கும் 0.66. இசைக்கு 0.63. நுண்ணறிவு என்ற கருத்து எந்த அட்டவணையிலிருந்து எழுந்ததோ, அதிலேயே இசைக்கும் இடம் இருந்தது. யாரோ பின்னால் வந்து ஒட்டவைத்த விஷயம் அல்ல இது.

ஆனால் ஸ்பியர்மன் பார்த்தது ஒரு சிறிய பள்ளியின் பிள்ளைகளை. பிற்காலத்தில் பெரிய அளவில் நடந்த ஆய்வுகளில் இந்த உறவு இவ்வளவு வலுவாகத் தெரியவில்லை. முற்றிலும் மறைந்துவிடவும் இல்லை. காது நுட்பமாக உள்ளவர்கள் அறிவுச் சோதனைகளிலும் சராசரியைவிடச் சற்று மேலே இருக்கிறார்கள். உறவு உண்டு, மெல்லிய உறவு. அந்த மெல்லிய உறவின் மேல் எவ்வளவு பெரிய மாளிகை எழுப்பினார்கள் என்பதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

1993 அக்டோபரில் 'நேச்சர்' இதழில் ஒரு சின்னக் கட்டுரை வந்தது. பிரான்சிஸ் ரௌஷர், கார்டன் ஷா, கேத்தரின் கீ என்ற மூவர் எழுதியது. 36 கல்லூரி மாணவர்களுக்கு மோட்சார்ட்டின் இரண்டு பியானோக்களுக்கான சொனாட்டாவைப் பத்து நிமிடம் கேட்க வைத்து, உடனே ஒரு சோதனை கொடுத்தார்கள். தாளை மடித்து வெட்டினால் விரிக்கும்போது எப்படி இருக்கும் என்பது போன்ற, இட உணர்வு சார்ந்த கேள்விகள். அமைதியாக உட்கார்ந்திருந்துவிட்டு எழுதியதைவிட எட்டு ஒன்பது ஐ.க்யூ. புள்ளிகள் கூடுதலாக வந்தன. அந்த உயர்வு பத்துப் பதினைந்து நிமிடத்தில் வடிந்துவிட்டது என்பதும் அதே கட்டுரையில் எழுதப்பட்டிருக்கிறது. சோதனைக்கு வந்தவர்கள் வளர்ந்தவர்கள். குழந்தைகளைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

ஐந்தே ஆண்டுகளில், 1998இல், அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில ஆளுநர் ஜெல் மில்லர், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் செவ்வியல் இசைத்தட்டு கொடுக்க 1,05,000 டாலர் ஒதுக்க வேண்டும் என்று சட்டமன்றத்தில் கேட்டார். ஃப்ளோரிடாவில் அரசுப் பணத்தில் நடக்கும் குழந்தைக் காப்பகங்கள் தினமும் செவ்வியல் இசையை ஒலிக்க வேண்டும் என்று சட்டமே வந்தது. கர்ப்பிணியின் வயிற்றில் வைத்துக் கட்டுகிற ஒலிபெருக்கியும் கடைக்கு வந்தது.

கனடாவில் கிளென் ஷெல்லன்பெர்க் என்ற உளவியலாளர் இதைப் பொறுமையாகப் பிரித்துப் பார்த்தார். இவர் வாத்தியம் வாசித்தவர். மோட்சார்ட்டுக்குப் பதில் ஸ்டீஃபன் கிங் எழுதிய ஒரு கதையைக் கேட்க வைத்தாலும் சிலருக்கு அதே உயர்வு வந்தது; கதை பிடித்தவர்களுக்குக் கதைக்குப் பிறகு, இசை பிடித்தவர்களுக்கு இசைக்குப் பிறகு. 2001இல் இன்னொரு சோதனை. மோட்சார்ட்டின் துள்ளலான அந்தச் சொனாட்டாவுக்குப் பிறகு மதிப்பெண் கூடியது. அல்பினோனியின் பெயரில் வழங்கும் மந்தமான, சோகமான அடாஜியோவுக்குப் பிறகு கூடவில்லை. மனம் விழிப்போடும் மகிழ்ச்சியோடும் இருந்தால் எந்த வேலையும் கொஞ்சம் நன்றாக நடக்கும். அவ்வளவுதான் அதில் இருந்த ரகசியம். மோட்சார்ட்டைக் கஷாயம்போல வேளைக்கு ஒரு மடக்கு ஊட்டலாம் என்று நினைத்தது அந்த மகாகலைஞனுக்குச் செய்த அவமரியாதை என்றே நான் கருதுகிறேன்.

கேட்பது வேறு, கற்றுக்கொள்வது வேறு அல்லவா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதே ஷெல்லன்பெர்க் அதையும் சோதித்தார். டொராண்டோ பகுதியில் ஆறு வயதுப் பிள்ளைகள் 144 பேரை நான்கு குழுவாகப் பிரித்தார். ஒரு குழுவுக்குக் கீபோர்டு, ஒரு குழுவுக்கு வாய்ப்பாட்டு, ஒரு குழுவுக்கு நாடகம். நான்காவது குழுவுக்கு அந்த ஆண்டில் எதுவும் இல்லை. முதல் வகுப்புக்குப் போகிற வயதாகையால் எல்லாக் குழுக்களிலும் ஐ.க்யூ. ஏறியது. இசை கற்றவர்களுக்கு 7 புள்ளி, மற்றவர்களுக்கு 4.3. வித்தியாசம் மூன்று புள்ளிக்கும் குறைவு. 2004இல் வெளிவந்த இந்த ஆய்வைத்தான் இசைப் பள்ளி விளம்பரங்கள் இன்றும் தூக்கிப் பிடிக்கின்றன. அதே ஆய்வில், நாடகம் கற்ற பிள்ளைகள் மற்றவர்களோடு பழகும் விதத்தில் முன்னேறினார்கள் என்றும், இசை கற்றவர்களிடம் அந்த முன்னேற்றம் இல்லை என்றும் இருப்பதை யாரும் அச்சடிப்பதில்லை.

பிறகு நடந்தவை இன்னும் நிதானப்படுத்துகின்றன. 2013இல் ஹார்வர்டைச் சேர்ந்த சாமுவேல் மெர், எலிசபெத் ஸ்பெல்கி முதலானோர் மழலைப் பிள்ளைகளுக்கு இசை வகுப்பு நடத்திப் பார்த்தார்கள். அறிவுத்திறனில் நம்பத்தக்க வித்தியாசம் எதுவும் கிடைக்கவில்லை. 2020இல் ஜியோவானி சாலா, ஃபெர்னாண்ட் கோபெ இருவரும் 54 ஆய்வுகளை, ஏறத்தாழ 7,000 பிள்ளைகளின் விவரங்களை, ஒன்றாகச் சேர்த்து ஆராய்ந்தார்கள். எந்த ஆய்வு எவ்வளவு கவனமாக அமைக்கப்பட்டிருந்ததோ அந்த அளவுக்கு இசையின் பலன் சுருங்கி, பூஜ்யத்தை ஒட்டிப் போய்விட்டது.

அப்படியென்றால் இசை கற்ற பிள்ளை வகுப்பிலும் முன்னால் நிற்பதை நாம் கண்ணால் பார்க்கிறோமே? பார்க்கிறோம். பாட்டு வாத்தியாருக்குச் சம்பளம் கொடுக்க முடிகிற வீடு புத்தகமும் வாங்குகிறது. மாலையில் கூட்டிக்கொண்டு போய்க் காத்திருந்து கூட்டிவர ஓர் ஆள் இருக்கிற வீட்டில், பாடம் சொல்லித்தரவும் ஓர் ஆள் இருக்கிறார். புதியதை அறியத் துடிக்கிற பிள்ளைதான் ஐந்தாறு வருடம் விடாமல் வகுப்புக்குப் போகிறது. பாட்டு அந்தப் பிள்ளையைப் புத்திசாலி ஆக்கியது என்பதைவிட, பிள்ளையின் இயல்பும் வீட்டுச் சூழலும் அதைப் பாட்டு வகுப்பில் நிலைக்க வைத்தன என்பது உண்மைக்கு அருகில் வருகிறது.

இன்னும் ஒன்று சொல்லிவிட்டு இந்தப் பகுதியை விடுகிறேன். ஸ்வீடனில் மிரியம் மோசிங், ஃப்ரெட்ரிக் உல்லேன் குழுவினர் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட இரட்டையரை ஆராய்ந்து 2014இல் எழுதினார்கள். ஒரே கருவில் பிரிந்த இரட்டையரில் ஒருவர் ஆயிரக்கணக்கான மணி நேரம் சாதகம் செய்திருந்தாலும், செய்யாத மற்றவரைவிட அவருடைய காது கூர்மையாக இல்லை என்றார்கள். இதைக் கேட்டுவிட்டு நம் பிள்ளைகள் நாளை காலை அகார சாதகத்தை நிறுத்திவிட வேண்டாம்! அங்கே அளந்தது இரண்டு ஒலிகளுக்கு இடையேயான வித்தியாசத்தைக் கேட்டுச் சொல்வதை மட்டும். விரல் ஓடுவதை, குரல் நிற்பதை, ஒரு ராகத்தை அரைமணி நேரம் கட்டி நடத்துவதை அந்தச் சோதனை தொடவே இல்லை.

சரி, இசையும் அறிவும் பிரிந்து நிற்கும் இடங்களுக்கு வருவோம். எனக்கு இந்தப் பொருளில் ஆர்வம் பிறந்ததே அங்கேதான்.

சார்லஸ் டார்வினின் அறிவைப் பற்றி யாருக்கும் சந்தேகம் இருக்காது. அவர் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார்: கேம்பிரிட்ஜில் படித்த நாளில் இசை கேட்பதென்றால் அவருக்கு உயிர். கிங்ஸ் கல்லூரித் தேவாலயத்தில் பாடுவதைக் கேட்டு உடல் சிலிர்த்திருக்கிறது. பாடகர் குழுச் சிறுவர்களைக் காசு கொடுத்துத் தம் அறைக்கு வரவழைத்துப் பாடச் சொல்லியிருக்கிறார். ஆனால் அபஸ்வரம் அவருக்குத் தெரியாது. தாளம் நிற்காது. ஒரு மெட்டைச் சரியாக முனகவும் வராது. நண்பர்கள் அவருக்குப் பரீட்சை வைப்பார்கள். நாட்டின் அரச வாழ்த்துப் பாடலையே கொஞ்சம் வேகமாகவோ மெதுவாகவோ வாசித்தால் அவருக்கு அடையாளம் தெரியாமல் போகும். அந்த மனிதர்தான் 1871இல், பேச்சுக்கும் முன்பே மனிதகுலத்தில் இசை இருந்திருக்க வேண்டும் என்ற கருத்தைத் துணிந்து எழுதினார். நூறு பேரில் ஒன்றிரண்டு பேருக்குப் பிறவியிலேயே சுருதி பிடிபடாது என்று மாண்ட்ரியாலில் இசபெல் பெரெட்ஸ் நடத்திய ஆய்வுகள் சொல்கின்றன. அவர்களுடைய அறிவிலோ பேச்சிலோ பொதுவாகக் குறை எதுவும் இல்லை.

இப்போது எதிர்ப்பக்கம். 1849இல் ஜார்ஜியாவில் ஓர் அடிமைக் குடும்பத்தில் தாமஸ் விக்கின்ஸ் பிறந்தார். பிறவியிலேயே பார்வை இல்லை. பெற்றோரோடு சேர்த்து அந்தக் குழந்தையையும் ஜேம்ஸ் பெத்தூன் என்ற வழக்கறிஞர் விலைக்கு வாங்கினார். பெத்தூன் வீட்டுப் பெண்கள் பியானோ வாசிப்பதைக் கேட்டுக் கேட்டு, தவழ்ந்து வளர்ந்த பிள்ளை ஒரு நாள் தானே போய் உட்கார்ந்து வாசிக்கத் தொடங்கினார். எட்டு வயதில் மேடை ஏறினார். 1860இல், பதினோரு வயதில், வெள்ளை மாளிகையில் ஜனாதிபதி புகேனன் முன்னால் வாசித்தார். 'பிளைண்ட் டாம்' என்று நாடு முழுவதும் சுவரொட்டி ஒட்டினார்கள்.

அவர் மேடையில் செய்தது இது. வலது கையில் ஒரு மெட்டு, இடது கையில் முற்றிலும் வேறொரு மெட்டு, வாயில் மூன்றாவது பாட்டு, மூன்றும் ஒரே நேரத்தில். பியானோவுக்கு முதுகைக் காட்டி நின்று கைகளைப் பின்னால் நீட்டி வாசிப்பார். சபையிலிருந்து யாராவது எழுந்து வந்து அவர் கேட்டிராத ஒன்றை வாசித்துக் காட்டினால், அப்படியே திருப்பி வாசிப்பார். கேட்ட அரசியல் பேச்சை, பேசியவரின் குரல் ஏற்ற இறக்கத்தோடு ஒப்பிப்பார். உள்நாட்டுப் போரின் மனாசஸ் சண்டையைப் பற்றி அவர் இயற்றிய பியானோ உருப்படியில், பீரங்கி வெடிப்பதற்காகக் கீழ் ஸ்தாயிக் கட்டைகளைக் கொத்தாக அழுத்துவார். ரயில் வருவதை வாயால் ஊதுவார். ஐரோப்பாவுக்குப் போனபோது இக்னாஸ் மோஷெலெஸ், சார்லஸ் ஹாலே போன்ற பெரிய வித்வான்கள் சோதித்துப் பார்த்து நற்சான்று எழுதிக் கொடுத்தார்கள்.

இவ்வளவு செய்தவரை உலகம் என்ன சொல்லி அழைத்தது? புத்தியற்றவர் என்று. அன்றாட வாழ்வில் அவருக்கு உதவி தேவைப்பட்டது, பேச்சு இயல்பாக இல்லை, திடீரென்று குதிப்பார், சுழல்வார். இன்று பிறந்திருந்தால் ஆட்டிசம் என்று மருத்துவர்கள் சொல்லியிருக்கக்கூடும். புத்தியற்றவர் என்ற அந்தப் பட்டத்தால் லாபம் பார்த்தவர்கள் இருந்தார்கள் என்பதை நாம் மறக்கக் கூடாது. அடிமைமுறை ஒழிந்த 1865இலேயே அவரை யார் வைத்துக்கொள்வது என்று வழக்கு நடந்தது; நீதிமன்றம் பழைய எஜமானிடமே ஒப்படைத்தது. புத்தி சுவாதீனம் இல்லாதவர் என்பதால் அவர் சம்பாதித்ததைக் காப்பாளர்கள் நிர்வகித்தார்கள். 1908இல் இறக்கும்வரை தம் விரல்கள் ஈட்டிய பணத்துக்கு அவர் சொந்தக்காரராக இருந்ததில்லை. ஒரு மனிதருக்கு அறிவு இருக்கிறதா என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் யார் கையில் இருந்தது, அந்தத் தீர்ப்பால் யாருடைய பை நிறைந்தது என்று கேட்காமல் இந்தப் பொருளைப் பேசவே கூடாது. அதனால்தான் இவரைப் பற்றி இவ்வளவு நேரம் சொன்னேன்.

மூளைக்குள்ளும் இந்தப் பிரிவினை தெரிகிறது. ரஷ்ய இசையமைப்பாளர் விஸ்ஸாரியோன் ஷெபாலினுக்கு 1953இலும் 1959இலும் பக்கவாதம் வந்தது. பேச்சு குலைந்தது, பிறர் சொல்வதும் சரியாகப் புரியவில்லை. ஆனாலும் இசை இயற்றிக்கொண்டே இருந்தார். 1962இல் ஐந்தாவது சிம்பொனியை முடித்துவிட்டு மறு ஆண்டு மறைந்தார். நரம்பியல் மேதை லூரியா அவரை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். பிரான்ஸின் மொரீஸ் ரவேலுக்கு இன்னும் கொடுமையான கதி. தலைக்குள் இசை ஓடிக்கொண்டிருந்தது, அதை எழுத்தில் இறக்க முடியாமல் கடைசி ஆண்டுகளைக் கழித்து 1937இல் காலமானார்.

இவ்வளவு தூரம் சுற்றிவிட்டு நம் கச்சேரி மேடைக்கு வருகிறேன். இசைக்குள்ளேயே இருக்கிற சிந்தனை எப்படிப்பட்டது என்பதைக் கையில் தாளம் போட்டுத்தான் காட்ட முடியும். ஆதி தாளம் போடுங்கள். எட்டு அட்சரம், அட்சரத்துக்கு நான்கு மாத்திரை, ஆக 32. 'ததிகிணதொம்' என்ற சொற்கட்டு ஐந்து மாத்திரை. அதை மூன்று முறை சொல்லி, நடுவில் இரண்டு இரண்டு மாத்திரை கார்வை விட்டுத் தீர்மானம் வைக்க வேண்டும். ஐந்தும் இரண்டும் ஐந்தும் இரண்டும் ஐந்தும் சேர்ந்து 19. சமத்தில் வந்து விழ வேண்டுமானால் 13 மாத்திரை கழித்து எடுக்க வேண்டும். அதாவது மூன்று அட்சரம் போய், நான்காவதில் ஒரு மாத்திரை போன பிறகு. பல்லவியின் எடுப்பு சமத்துக்கு அரை அட்சரம் தள்ளி இருந்தால் எடுக்கும் இடமும் இரண்டு மாத்திரை தள்ளும். திஸ்ர நடைக்கு மாறினால் ஆவர்த்தனத்துக்கு 24 மாத்திரைதான். அப்போது ஐந்து மாத்திரையிலேயே எடுத்தாக வேண்டும்.

நான் காகிதத்தில் கழித்துப் பார்த்துச் சொல்கிறேன். ஒரு தவில் வித்வான் நாகஸ்வரம் முழங்கிக்கொண்டிருக்கும்போது, கோயில் வீதியில் நடந்துகொண்டே, இதைவிடப் பத்து மடங்கு சிக்கலான கோர்வையை அந்த நேரத்திலேயே யோசித்து, வைத்து, சமத்தில் இறக்குகிறார். அவரிடம் போய் 32இல் 19 போனால் எவ்வளவு என்று நாம் கேட்க வேண்டியதில்லை. அந்தக் கணக்கு அவர் கையில் நடக்கிறது. நம் அறிவுச் சோதனைகளின் குறை எனக்கு இங்கேதான் தெரிகிறது. சோதனைத்தாள் மேஜையில் அசையாமல் கிடக்கும். திரும்பப் பார்க்கலாம், அடித்து எழுதலாம். தாளம் யாருக்காகவும் நிற்பதில்லை. போய்க்கொண்டே இருக்கும் காலத்துக்குள் நின்று, வரப்போகிற இடத்தை மனதில் வைத்துக்கொண்டு, இந்தக் கணத்தில் செய்ய வேண்டியதைத் தீர்மானிக்கிற புத்தி அது. தர்பாரையும் நாயகியையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்வரங்களைப் பட்டியல் போட்டால் நெருங்கிய உறவு. காந்தாரத்தையும் நிஷாதத்தையும் பிடிக்கிற பிடியில்தான் பிரிகின்றன. பாடம் கேட்டு வளர்ந்த பத்து வயதுப் பிள்ளை ஒரு பிடி கேட்டதும் சொல்லிவிடும். அதைச் சொல்ல எத்தனை சேதிகளை மனம் ஒரே நேரத்தில் நிறுத்துப் பார்த்திருக்க வேண்டும்! இதற்கு மார்க் போடும் பரீட்சையை எந்த உளவியல் கூடமும் இதுவரை முழுமையாக அமைக்கவில்லை.

1919இல் அமெரிக்காவில் கார்ல் சீஷோர் இசைத்திறமைக்கு என்றே ஒரு சோதனைத் தொகுப்பை இசைத்தட்டில் பதிந்து வெளியிட்டார். சுருதி, ஒலியின் உரப்பு, கால அளவு என்று துண்டு துண்டாக அளப்பது. 1983இல் ஹோவார்ட் கார்ட்னர், இசையறிவு என்பதே தனியொரு நுண்ணறிவு என்று எழுதினார். முன்னவர் இசையைப் பொடியாக்கி அளந்தார். பின்னவர் தனி அறை கொடுத்தார், ஆனால் அளக்க வழி சொல்லவில்லை. இருவரில் கார்ட்னர் பக்கம்தான் என் மனம் சாய்கிறது. ஆனால் ஸ்பியர்மனின் அட்டவணையில் தெரிந்த அந்த மெல்லிய உறவையும் என்னால் ஒதுக்கிவிட முடியவில்லை. தனித்தனி வீடு, நடுவில் ஒரு சிறிய வாசல் என்பதுதான் நான் படித்தவரையில் எனக்குப் படுகிறது.

பெற்றோர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் பிள்ளை கணக்கில் மார்க் வாங்குவதற்காகப் பாட்டு வகுப்பில் சேர்க்காதீர்கள். கணக்கு வரவேண்டுமானால் கணக்குச் சொல்லிக்கொடுங்கள். பத்தாம் வகுப்பு வந்ததும் 'படிப்பு முக்கியம்' என்று முதலில் நிற்பது பாட்டுதான். மார்க்குக்காக வந்த பாட்டு மார்க்குக்காகவே போகிறது. கீழ்க்காலத்தில் சுத்தமாக ஒரு வர்ணம் பாடக் கற்றுக்கொண்ட பிள்ளைக்கு வேறு எந்த லாபமும் வேண்டியதில்லை.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். லண்டனில் டெரெக் பாராவிசினி என்ற பியானோ கலைஞர் இருக்கிறார். 1979இல், 25 வாரத்திலேயே பிறந்தவர். பார்வை இல்லை; கற்றலில் கடுமையான குறைபாடு. சிறு பிள்ளையாக இருந்தபோது ஆடம் ஆக்கல்ஃபோர்ட் என்ற ஆசிரியர் பார்வையற்றோர் பள்ளியில் வாசித்துக்கொண்டிருந்த இடத்துக்கு வந்து, வாசித்துக்கொண்டிருந்தவரைத் தள்ளிவிட்டுத் தான் கட்டைகளை அடிக்கத் தொடங்கினான் அந்தப் பிள்ளை. விரலால் மட்டும் அல்ல. முஷ்டியால், முழங்கையால், மூக்கால்கூட. ஆசிரியர் பாடம் எப்படி நடத்தினார் தெரியுமா? பிள்ளையைத் தூக்கி அறையின் அந்தக் கோடியில் விட்டுவிட்டு ஓடிவந்து பியானோவில் ஒரு துணுக்கு வாசிப்பார். பிள்ளை திரும்ப ஓடிவந்து சேர ஆகும் பத்து விநாடிதான் பாட நேரம். வந்ததும் அது கேட்டதைத் திருப்பி வாசிக்கும். மறுபடி தூக்கிக்கொண்டு போவார். இப்படி விரல் பிடிக்கக் கற்றுக்கொடுத்தே வருடங்கள் போயின. ஒன்பது வயதில் அந்தப் பிள்ளை லண்டன் பார்பிகன் அரங்கில் பெரிய வாத்தியக் குழுவோடு வாசித்தது.

விஜயதசமிக்கு உங்களிடம் பிள்ளைகள் வரிசையாக வருவார்கள். எந்தப் பள்ளி, எத்தனையாவது ரேங்க் என்று முதலில் கேட்காதீர்கள். பேச்சு தாமதமான பிள்ளையை, ஓரிடத்தில் உட்காராத பிள்ளையை, 'இதுக்கு வராதும்மா, கூட்டிக்கிட்டுப் போங்க' என்று வாசலிலிருந்து அனுப்பாதீர்கள். சுருதிப் பெட்டியைப் போட்டு, 'ஸா' சொல்லச் சொல்லுங்கள். அன்றைக்குச் சேராவிட்டால் அடுத்த வாரமும் வரச் சொல்லுங்கள்.